இரண்டரைப் பரப்புக் காணியும் ஒரு தேசிய அணியும்

2024 யூலை 28ஆம் திகதி, பிரான்சின் லில் நகரில், தென் சூடானின் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணி புவேர்ட்டோ ரிக்கோ அணியை 90க்கு 79 என்ற புள்ளிகளால் வென்றது. ஒலிம்பிக் கூடைப்பந்தாட்டத்தில் அந்நாடு விளையாடிய முதல் ஆட்டமே அதுதான். அந்த வெற்றி எம்மவர் மத்தியில் இன்றுவரை ஓர் உவமானமாக உலவுகின்றது. மேடைகளில் சொல்கிறார்கள்; முகநூலில் எழுதுகிறார்கள்; வட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது அந்த அணியின் படம் சுற்றுக்கு வருகின்றது. உவமானம் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த அணியின் கதையை முழுதாகப் படித்தவர்கள் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை.

எம்மவரின் பேச்சை மூன்று வாதங்களாகப் பிரிக்கலாம். ஒன்று: நாடு கிடைத்தால் விளையாட்டும் தானாக வரும், தென் சூடானைப் பாருங்கள் என்பது. இரண்டாவது: முப்பது வருடப் போர் எங்களைத் தின்றுவிட்டது, எங்களிடம் போய் விளையாட்டைக் கேட்கலாமா என்பது. மூன்றாவது கொழும்பிலிருந்து வருவது. எங்களூர்க் கனவான்கள் சிலரும் அதற்கு ஒத்து ஊதுவதுண்டு. விளையாட்டுக்கு இனமில்லை, மொழியில்லை, திறமை உள்ளவருக்குத் தேசிய அணியின் கதவு திறந்தே இருக்கின்றது என்பது அது.

மூன்றும் பிழையானவை. அதைவிட முக்கியம், மூன்றும் வசதியானவை. நாங்கள் இப்போது எதையும் செய்யத் தேவையில்லை என்ற இடத்திலேதான் மூன்றும் கடைசியில் போய் நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தென் சூடான். 2011 சனவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 99 வீதமான மக்கள் பிரிவினைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதே ஆண்டு யூலை 9ஆம் திகதி புதிய நாடு பிறந்தது. இரண்டரை ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2013 டிசெம்பரில் ஜனாதிபதியும் அவரது முன்னாள் உப ஜனாதிபதியும் மோதிக்கொண்டார்கள், படை இரண்டானது, சொந்த மக்களே சொந்த மக்களை இனம் பார்த்துக் கொன்றார்கள். இலட்சக்கணக்கானோர் மறுபடியும் அகதிகளாகி உகண்டாவுக்கும் எதியோப்பியாவுக்கும் கென்யாவுக்கும் ஓடினார்கள். அந்த டிசெம்பரில்தான் அந்நாடு அனைத்துலகக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்திலும் உறுப்புரிமை பெற்றது என்பது வரலாற்றின் குரூரமான வேடிக்கை.

அந்த அணியைக் கட்டியெழுப்பியது அரசு அன்று. அதன் பின்னால் இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். மூத்தவர் மனூட் போல். ஏழு அடி ஏழு அங்குல உயரமுள்ள டிங்கா இனத்தவர். 1985இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் காலடி வைத்தவர். உழைத்த பணத்தின் பெரும்பகுதியைத் தன் மக்களின் விடுதலைக்கும் அகதிகளுக்கும் கொடுத்துவிட்டு, தன் நாடு பிறப்பதைக் காணாமலே 2010 யூனில் இறந்துபோனார். இளையவர் லுவோல் டெங். வாவு நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் குடும்பத்தோடு எகிப்துக்குத் தப்பியோடியவர். அங்கேதான் மனூட் போல் அவருக்கும் சகோதரர்களுக்கும் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பின்னர் லண்டனுக்கு அகதியாகச் சென்று, அங்கிருந்து அமெரிக்கா போய், சிக்காகோ அணியின் நட்சத்திரமானார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் விளையாடியது பிரித்தானியாவுக்காக.

ஓய்வுபெற்றதும் டெங் 2019 நவம்பரில் தென் சூடான் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவரானார். விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் தன் கைக்காசைக் கொட்டினார். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அகதிகளின் பிள்ளைகளாக வளர்ந்த இளைஞர்களைத் தேடித் தேடிப் பேசி அழைத்தார். ரோயல் ஐவி என்ற பயிற்றுநரைக் கொண்டுவந்தார். 2021இல் முதல்முறையாக ஆபிரிக்கக் கிண்ணத்தில் ஆடிய அந்த அணி காலிறுதிவரை சென்றது. 2023 உலகக் கிண்ணத்தில் சீனாவையும் பிலிப்பைன்சையும் அங்கோலாவையும் வென்று, ஆபிரிக்க அணிகளில் முதலிடம் பெற்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஒலிம்பிக்குக்கு முன்னர் லண்டனில் நடந்த நட்புறவு ஆட்டத்தில் ஐக்கிய அமெரிக்காவிடம் ஒரேயொரு புள்ளியால், 101க்கு 100 என்று, அதுவும் கடைசிச் சில விநாடிகளில் லெப்ரோன் ஜேம்ஸ் போட்ட பந்தினால்தான் தோற்றது. அந்த அணியில் இருந்த கமான் மலுவாச் என்ற பதினேழு வயதுப் பையன் உகண்டாவில் அகதியாக வளர்ந்தவன்.

இவ்வளவும் நடந்தபோது தென் சூடானில் ஓர் உள்ளகக் கூடைப்பந்தாட்ட அரங்குகூட இருக்கவில்லை. லில் நகரில் முதல் ஆட்டத்துக்கு முன் பிழையாகச் சூடானின் தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டார்கள். எந்த அரசிடமிருந்து பிரிந்துவந்தார்களோ, அந்த அரசின் கீதம். வீரர்கள் நெஞ்சில் கைவைத்தபடி காத்து நின்றார்கள். சரியான கீதம் வந்ததும் பாடினார்கள். பிறகு ஆடி வென்றார்கள்.

இதிலே எங்கே இருக்கின்றது நாடு கிடைத்ததால் வந்த விளையாட்டு? நாடு கிடைத்த பிறகும் தலைவர்கள் செய்தது கொலை. அந்த அணியைச் செய்தவர்கள் நாட்டுக்கு வெளியே வளர்ந்த பிள்ளைகளும், தான் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிய ஒரு மனிதரும். ஆகவே தென் சூடானை உவமானம் காட்டுகிற அன்பர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். எங்கள் லுவோல் டெங் யார்? ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ சிட்னியிலோ வசதியாக இருக்கும் எந்தத் தமிழர், எத்தனை வருடம், எவ்வளவு நேரத்தையும் பணத்தையும் ஒரு விளையாட்டுக்காக இங்கே செலவிட்டிருக்கிறார்? ஒரு சிலர் இருக்கிறார்கள்; அவர்களை வணங்குகிறேன். அவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதே என் முறைப்பாடு.

இனி இரண்டாவது வாதம்: போர் எங்களை அழித்தது. அழித்ததுதான், அதை மறுப்பவன் மனிதனல்லன். வலிகாமம் வடக்கில் 1990இல் துரத்தப்பட்டவர்களில் பலருக்குக் காணி திரும்பக் கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இன்னும் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் போர் நடந்த நாட்டில் விளையாட்டு வளராது என்பது உலக நியதியா? அங்கோலாவைக் கேளுங்கள்.

அங்கோலா 1975 நவம்பரில் போர்த்துக்கலிடமிருந்து விடுதலை பெற்றது. அன்றே உள்நாட்டுப் போரும் மூண்டது. கியூபாவின் படையும் தென்னாபிரிக்காவின் படையும் வல்லரசுகளின் ஆயுதங்களும் அந்த மண்ணில் மோதின. போர் ஓய்ந்தது 2002 ஏப்ரலில். இருபத்தேழு ஆண்டுகள். எங்கள் போருக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களின் தொகையில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு அது.

அந்த அங்கோலாவின் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணி 1989இல் தலைநகர் லுவாண்டாவில் நடந்த ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது. பின்னர் 1992, 1993, 1995, 1999, 2001 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. போர் முடிவதற்கு முன்னரே ஆறு கிண்ணங்கள்! போர் முடிந்த பின் 2003, 2005, 2007, 2009, 2013 என்று தொடர்ந்து, 2025இல் மீண்டும் லுவாண்டாவில் மாலி நாட்டை வென்று பன்னிரண்டாவது கிண்ணத்தையும் எடுத்தது. 1989 தொடக்கம் 2009 வரை நடந்த பதினொரு போட்டித் தொடர்களில் பத்தில் அதுவே வெற்றி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கனவு அணி அவர்களை 116க்கு 48 என்று நசுக்கியது. சார்ள்ஸ் பாக்லி என்ற அமெரிக்க வீரர் அங்கோலா வீரர் ஒருவரை முழங்கையால் இடித்த காட்சியை உலகமே பார்த்தது. உலகம் மறந்துவிட்ட செய்தி வேறு. அதே ஒலிம்பிக்கில், அதே நகரில், போட்டியை நடத்திய ஸ்பெயினை அந்த அங்கோலா அணி 83க்கு 63 என்று வென்றது.

இது எப்படி நடந்தது? கழகங்களால் நடந்தது. பிரிமேரோ டி ஒகோஸ்து என்ற படையினரின் கழகமும், பெற்றோ டி லுவாண்டா என்ற எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் கழகமும் ஆண்டு தோறும் ஒன்றோடொன்று மோதின. ஒன்று தோற்ற ஆண்டில் மற்றது இன்னும் நல்லவர்களைத் தேடியது. ஒரே பயிற்றுநரின் கீழ் பல ஆண்டுகள் ஒரே முறையில் ஆடிப் பழகினார்கள். உயரத்தில் மற்ற ஆபிரிக்க நாட்டவர்க்குக் குறைந்திருந்த அவர்கள், தூரத்திலிருந்து குறிபார்த்து எறிவதையும் வேகமாகப் பந்து கைமாற்றுவதையும் தங்கள் ஆயுதமாக்கிக்கொண்டார்கள்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். அங்கோலாவிடம் அரசு இருந்தது, எண்ணெய் இருந்தது, படையின் பணம் இருந்தது. எங்களிடம் என்ன இருந்தது? நியாயமான கேள்வி. போர்க்காலத்தில் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை என்பதை ஏற்கிறேன். மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரிகூட இல்லை. ஆனால் போர் 2009 மேயில் முடிந்தது. அதற்குப் பின்னர் வந்த காசு கொஞ்சமா? கோபுரங்கள் எழுந்தன. ஒவ்வொரு சந்தியிலும் வளைவுகள் எழுந்தன. திருமண மண்டபங்கள் குளிரூட்டப்பட்டன. திருவிழாவில் ஒரு நாள் உபயத்துக்குச் செலவாகும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகின்றது. எங்கள் எண்ணெய்க் கிணறு கடல் கடந்து இருக்கின்றது, அது வற்றவுமில்லை. அதிலிருந்து வருவது எங்கே ஊற்றப்படுகின்றது என்பதுதான் கேள்வி. கோயிலுக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் பத்துக் கொடுக்கிறவர் திடலுக்கு ஒன்றாவது கொடுக்கலாகாதா என்று கேட்கிறேன்.

மூன்றாவது வாதத்துக்கு வருவோம். விளையாட்டுக்கு இனமில்லை என்பவர்கள் 1958 மே மாதத்தை நினைத்துப் பார்க்கட்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. அந்த விழா மே 24இல் தொடங்கி யூன் 1இல் முடிந்தது. அதே நாட்களில்தான் இங்கே தென்னிலங்கையில் தமிழர்கள் வீதிகளில் அடித்துக் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன, மே 27இல் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் கப்பல்களில் ஏற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டார்கள். ஒரு தமிழன் இலங்கைக் கொடியை ஆசியாவின் உச்சியில் ஏற்றிய அதே வாரம் அது. பதக்கம் எவரையும் காப்பாற்றவில்லை. எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் கற்றார். ஆபிரிக்க நாடுகளில் கல்விப் பணியாற்றினார். 2024 ஏப்ரலில் காலமானார். அவருடைய அறிவும் அனுபவமும் ஒரு பெரிய இளைஞர் கூட்டத்தை இங்கே உருவாக்கியிருக்க வேண்டும். எந்த நாட்டுக்காகப் பாய்ந்தாரோ அந்த நாடு அதற்கு இடம் வைக்கவில்லை.

கூடைப்பந்தாட்டத்துக்கே வருவோம். இலங்கைத் தமிழரிடையே அந்த ஆட்டத்துக்கு ஒரு தலைநகர் உண்டென்றால் அது மட்டக்களப்பு. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் அந்த ஆட்டத்தை வளர்த்தார்கள். வெபர் அடிகளாரின் பெயர் இன்றும் மட்டக்களப்பு மைதானத்துக்கு இருக்கின்றது. ஹேபேட் அடிகளார் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று பயிற்றியவர். கொழும்பின் பெரிய பாடசாலைகளை அந்தப் பையன்கள் வென்று கிண்ணங்களைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் பிறந்து, மட்டக்களப்பானாகவே வாழ்ந்த யூஜின் ஹேபேட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞருடன் புறப்பட்டார். ஏறாவூருக்கு அண்மையில் இருவரும் காணாமற் போனார்கள். இன்றுவரை அவர்களுக்கு என்ன நடந்தது என்று எந்த அரசும் சொல்லவில்லை. விளையாட்டுக்கு இனமில்லை என்பவர்கள், ஒரு கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் எங்கே என்ற இந்தச் சிறிய கேள்விக்காவது விடை தேடித் தந்துவிட்டுப் பேசட்டும்.

பிறகு தர்ஜினி சிவலிங்கம். புன்னாலைக்கட்டுவனின் மகள், கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டதாரி, 208 சென்ரிமீற்றர் உயரம், உலக வலைப்பந்தாட்டத்தில் அவரைவிட உயரமானவர் இல்லை. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது பந்து கடைசியாகப் போய்ச் சேர்ந்த கை அவருடையது. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் மிக அதிகமான கோல்களைப் போட்டவரும் அவரே. கதவு திறந்திருக்கின்றது என்பதற்குச் சாட்சியாகக் கொழும்பு அவரைக் காட்டுகின்றது. தமிழர் திறமைக்குச் சாட்சியாக நாங்கள் அவரைக் காட்டுகிறோம். இரு பகுதியாரும் அவரை ஒரு சாட்சியாக மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு கதவுக்குள் நுழைய ஆறடி பத்தங்குலம் வளரவேண்டும் என்றால் அது திறந்த கதவா? அது ஒருபுறம். மறுபுறம் எங்களைக் கேட்கிறேன்: அவருக்குப் பின்னால் எத்தனை பெண்பிள்ளைகள் வந்தார்கள்? சாதாரண தரப் பரீட்சை வந்ததும் பிள்ளையின் விளையாட்டுச் சப்பாத்தை எடுத்துப் பரணில் வைத்தது கொழும்பு அரசா, நாங்களா?

இந்த இடத்தில் சில வாசகர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அரசைக் குற்றஞ்சாட்டும்போது கைதட்டுகிறவர்கள் இதையும் இருந்து வாசிக்க வேண்டும்.

கரவெட்டி என்பது இலங்கையின் இடதுசாரி அரசியலுக்கு பொன். கந்தையாவையும், தமிழ் ஆய்வுலகுக்குக் கார்த்திகேசு சிவத்தம்பியையும் தந்த ஊர். தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் சாதிக்கெதிராக நடந்த போராட்டங்களின் நினைவு இன்னும் மங்காத வடமராட்சியின் நடுவில் இருக்கும் ஊர். அப்படியிருந்தும் எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகங்களின் பட்டியலை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கழகமும் எந்தக் குறிச்சியாருடையது என்று கேட்டால், விடை சாதியில்தான் போய் முடியும். ஒரே கிராமத்தில் கூப்பிடு தூரத்தில் இரண்டு கழகம், இரண்டு சனசமூக நிலையம், இரண்டு வாசிகசாலை. அங்கோலாவிலும் இரண்டு கழகங்கள் மோதின. ஆனால் யார் எந்தக் கழகத்தில் ஆடலாம் என்பதைப் பிறப்புத் தீர்மானிக்கவில்லை. எறிகிற கை தீர்மானித்தது. இங்கே ஆறடி உயரப் பையன் ஒருவன் மற்றக் குறிச்சியில் பிறந்துவிட்டால் எங்கள் கழகத்துக்கு அவன் கண்ணிலே படமாட்டான். பிறகு எங்களுக்கு ஆள் இல்லை என்று அறிக்கை விடுவோம்.

அடுத்தது ரியூசன். பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், சனியிலும் ரியூசன், ஞாயிறு காலையிலும் ரியூசன். ஆவரங்காலிலும் புத்தூரிலும் மாலையில் கரப்பந்து வலை கட்டாத நாள் இல்லை என்றிருந்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1991 முதல் கரப்பந்து இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. வலை கட்டுகிற வயதுப் பிள்ளையோ இருட்டும்வரை வாங்கில் இருந்து குறிப்பு எழுதுகின்றான். எழுதாத பிள்ளை எங்கே நிற்கின்றான் என்பதைப் பொலிஸ் நிலையங்களிடம் கேட்கவேண்டியிருக்கின்றது. வாள்வெட்டும் போதைப்பொருளும் பற்றி மாதந்தோறும் கூட்டம் போடுகிறோம். மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கௌரவமாகப் போய் நிற்க ஓர் இடம் இல்லை என்பதை அந்தக் கூட்டங்களில் ஒருவரும் சொல்வதில்லை.

அடுத்தது எங்கள் பழைய மாணவர் சங்கங்கள். உலகின் எந்த நகரத்திலும் அவை உண்டு. இரவு விருந்தும் மலரும் துடுப்பாட்டப் பெரும் போட்டியின் நேரடி ஒளிபரப்பும் அவற்றின் பெரும்பணிகள். பாடசாலைக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கட்டடத்தில் பெயர்ப்பலகை பதிக்க முடியும். பயிற்றுநரின் மாதச் சம்பளத்தில் பெயர்ப்பலகை பதிக்க முடியாது. எங்கள் பாடசாலைகளில் கட்டடம் கூடியும் பயிற்றுநர் குறைந்தும் இருப்பதன் இரகசியம் அதுதான்.

துடுப்பாட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் அனைத்துலகத் துடுப்பாட்ட மைதானம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். வடக்குக்கு அப்படியொன்று வருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பெரும் மைதானம் என்பது இருபத்திரண்டு பேர் ஆட ஆயிரக்கணக்கானோர் இருந்து பார்க்கும் இடம். எங்கள் பிள்ளைகளுக்கு இன்று இருக்கும் தட்டுப்பாடு பார்ப்பதற்கான ஆசனம் அன்று. ஆடுவதற்கான தரை. மண்டைதீவு முதலில், ஒழுங்கைத் திடல் பிறகு என்று வரிசை வைப்பது கூரையை முதலில் வேய்ந்துவிட்டுச் சுவருக்கு அத்திவாரம் தேடுவதற்கு ஒப்பானது.

எங்களுக்கென்று ஓர் அணி ஏற்கெனவே இருக்கின்றதே என்று சிலர் நினைவூட்டுவார்கள். உண்மை. அங்கீகாரமற்ற தேசங்களின் உதைபந்தாட்டப் போட்டிகளில் தமிழீழ அணி என்ற பெயரில் 2012இல் குர்திஸ்தானிலும், 2014இல் சுவீடனின் ஒஸ்ரர்சுண்ட் நகரிலும், 2018இல் லண்டனிலும் எம்மவர் பிள்ளைகள் ஆடினார்கள். அவர்களை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த பிள்ளை ஒன்று தன் தாய் தகப்பனின் ஊரை நெஞ்சில் எழுதிக்கொண்டு ஓடுவது சிறிய விடயமன்று. ஆனால் அந்த அணிக்கும் இங்குள்ள திடலுக்கும் இடையில் பாலம் இல்லை. இங்கே இருக்கும் பையன் அந்த அணியில் ஆடிவிட்டு வந்தால் விசாரணைக்குப் போகவேண்டியிருக்கும். அது அரசின் குற்றம். அந்த வீரர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நெல்லியடியிலோ கிளிநொச்சியிலோ இரண்டு வாரம் நின்று பிள்ளைகளுக்குப் பந்து பழக்குவதற்கு எந்தச் சட்டமும் தடையன்று. அது நடக்கும்படி எவரும் ஒழுங்கு செய்யாதது எங்கள் குற்றம். டெங் கொடியை மட்டும் தூக்கியிருந்தால் தென் சூடானுக்கு ஒரு கொடிதான் இருந்திருக்கும்.

குறை சொல்லி முடிப்பது பத்திரிகையாளனுக்கு இலகு. ஆகையால் ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு முழுக் கூடைப்பந்தாட்டத் திடல் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். நான்கு பக்கமும் இரண்டு மீற்றர் வெளி விட்டால் 608 சதுர மீற்றர். எங்கள் கணக்கில் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆக, இரண்டரைப் பரப்புக் காணி போதும். வலைப்பந்தாட்டத் திடல் 30.5 மீற்றருக்கு 15.25 மீற்றர், அதே தரையில் அடங்கும். கூடைப்பந்தின் வளையமும் வலைப்பந்தின் வளையமும் தரையிலிருந்து ஒரே 3.05 மீற்றர் உயரம். வளையத்தின் அகலம் மட்டுமே வேறு. கரப்பந்துக்கு 18க்கு 9 மீற்றர். அதற்கும் நடுவில் இரண்டு குழாய் நட்டால் சரி. ஒரே கொங்கிறீற்றுத் தரையில் மூன்று ஆட்டம், ஆணும் பெண்ணும், மூன்று நிறக் கோடுகள். நாலு விளக்குக் கம்பம் போட்டால் இரவு எட்டு மணிவரை ஆடலாம்.

காணி எங்கே என்று கேட்கிறீர்களா? கரவெட்டியிலிருந்து பருத்தித்துறைவரை, துன்னாலையிலிருந்து உடுப்பிட்டிவரை ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். பூட்டிய படலைகள். உள்ளே கிணறு தூர்ந்து, பற்றை வளர்ந்து, டெங்கு நுளம்பு பெருகிக் கிடக்கும் வளவுகள். உறுதி ஒரு பிள்ளையின் பெயரில் கனடாவில் இருக்கும். மற்றப் பிள்ளை அவுஸ்திரேலியாவில். விற்க மனமில்லை, திரும்பி வர எண்ணமுமில்லை. அந்த வளவை எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டரைப் பரப்பை இருபது வருடக் குத்தகைக்கு, பெயருக்கு ஒரு ரூபா வாங்கிக்கொண்டு, ஒரு பாடசாலைக்கோ பிரதேச சபைக்கோ கொடுங்கள் என்று கேட்கிறேன். காணி உங்களுடையதாகவே இருக்கும். பற்றை மட்டும் போய்விடும்.

அதோடு நான்கு நிபந்தனைகளையும் எழுதி வாங்குங்கள். ஒன்று, எந்தக் குறிச்சிப் பிள்ளையும் வரலாம். தடுத்தால் குத்தகை முறியும். இரண்டு, வாரத்தில் பாதி நேரம் பெண்பிள்ளைகளுக்கு. மூன்று, பயிற்றுநர் ஒருவருக்கு மாதச் சம்பளம். அதை ஒரு நகரத்துச் சங்கம் ஐந்து வருடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கு, திடலுக்கு எவருடைய பெயரும் வைக்கக்கூடாது. நான்காவது நிபந்தனைதான் எங்களுக்கு மிகவும் கடினமானது என்பது எனக்குத் தெரியும்.

இதெல்லாம் இரண்டு வருடத்தில் சண்டையில் முடியும், திடலில் புல் முளைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. சில இடங்களில் அப்படித்தான் முடியும். பத்துத் திடலில் நான்கு பிழைத்தாலும் போதும். அங்கோலா 1983இலும் 1985இலும் ஆபிரிக்க இறுதியாட்டத்தில் தோற்ற பிறகுதான் 1989இல் வென்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் திடலை மூடிவிட்டுப் போகவில்லை.

தேசிய அணி எந்தக் கொடியின் கீழ் ஆடவேண்டும் என்பதைப் பற்றி எங்களுக்குள் வாதம் இருக்கலாம்; இருக்கட்டும், அது அரசியல், அதற்குரிய இடத்தில் பேசுவோம். எந்தக் கொடிக்கும் முதலில் ஆட்டக்காரர் வேண்டும். ஆட்டக்காரருக்குப் பந்தும் தரையும் பயிற்றுநரும் நேரமும் வேண்டும். இவற்றுக்கு எந்த நாடாளுமன்றத்தின் சம்மதமும் எந்த வல்லரசின் அனுசரணையும் தேவையில்லை.

கடல் கடந்து இதை வாசிக்கும் அன்பர்களே, அடுத்த தடவை தென் சூடான் அணியின் படத்தைக் குழுவில் போடும்போது, அதன் கீழே உங்கள் பூட்டிய வளவு எந்த ஒழுங்கையில், எத்தனை பரப்பு என்பதையும் எழுதுங்கள்.